கூட நடந்தால்தான் தெரியும்

மாட்டுப் பொங்கல் அன்று காலை ஆறரை மணிக்கு மாடம்பாக்கம் ஏரிக்கரைக்கோ பெரும்பாக்கம் ஏரி ஓரத்துக்கோ போனால், கழுத்தில் பைனாகுலர் தொங்க, கையில் சின்ன நோட்டோடு சிலர் நின்றுகொண்டிருப்பார்கள். பேச்சு இருக்காது. உதடு மட்டும் அசையும். தண்ணீரில் மிதக்கும் நாமக்கோழிகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் பொங்கலும் கரும்பும் காத்திருக்க, சேற்று வாடையில் நின்று கோழி எண்ணுவதில் என்ன சுகம் என்று நடைப்பயிற்சிக்கு வந்தவர் யாராவது கேட்பார். பதில் சொல்வதற்கு முன் பைனாகுலரைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். இந்தப் பொழுதுபோக்கு பெரும்பாலும் இப்படித்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது.

2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இது. விதி எளிது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும். கண்ணில் பட்ட, காதில் விழுந்த இனங்கள் எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு குறிக்க வேண்டும். அரிய பறவைகளை மட்டும் எழுதிவிட்டுக் காக்கையையும் மைனாவையும் விட்டுவிடக் கூடாது. குறித்த பட்டியலை ‘இ-பேர்ட்’ என்ற உலகளாவிய பதிவேட்டில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. கட்டணம் கிடையாது, பறவையியல் படித்திருக்க வேண்டியதும் இல்லை. வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர், வீட்டு வேலையை முடித்துவிட்டு மொட்டை மாடியிலிருந்தே எண்ணும் பெண்கள் என்று யார் வேண்டுமானாலும் சேரலாம்.

இவர்களில் அநேகமாக யாரும் இதைப் பாடமாகப் படித்தவர்கள் இல்லை. தெரிந்தவர் ஒருவரோடு கூட நடந்து, அவர் கைகாட்டிய இடத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். சென்னையின் தென் புறநகரில் பறவை பார்ப்பதும் பாம்பை அறிவதும் ஆமைக்காக ராத்திரி கடற்கரையில் நடப்பதும் இந்த ஒரே வழியில்தான் தலைமுறை தாண்டி வந்திருக்கின்றன. அந்த அறிவின் வேரைத் தேடிப் போனால் அது விவசாயிகளிடமும் இருளர் பழங்குடியினரிடமும் கடற்கரைக் குப்பங்களிலும் போய் நிற்கிறது.

தென் புறநகரில் தாம்பரத்துக்கு வாய்த்த இடம் அப்படி. ரயில் நிலையத்தை நடுவில் வைத்துச் சுற்றிப் பார்த்தால், செலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை, முடிச்சூர் என்று திரும்பிய பக்கமெல்லாம் ஏரி. செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்ற பெயர் சும்மா வரவில்லை. மழைக்காலத்தில் ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு வழிந்து, கிழக்கே உள்ள ஏரிகளின் தண்ணீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளத்துக் கழிமுகத்தைப் பார்த்து நகரும். நடுவே நன்மங்கலம் காப்புக்காடும் வண்டலூர்க் குன்றுகளும் இருக்கின்றன. அதற்கும் அப்பால் நீலாங்கரைக் கடற்கரை. முட்புதர்க் காடு, நன்னீர், சதுப்பு, கடல் என்று நான்கையும் அரை நாளில் பார்த்துவிடக்கூடிய புறநகர்ப் பகுதி அதிகம் இல்லை.

கிழக்குத் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம் ஏறக்குறைய 365 ஏக்கர். 1937-இல் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தபோது இது முள்ளும் புதருமான காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்தக் காட்டைக் காப்பாற்றுவதையும் மரம் நடுவதையும் தன் சொந்த வேலையாக எடுத்துக்கொண்டார். பாடம் நடத்தியது வேதியியல், மனம் கிடந்தது செடிகொடிகளில். விடுமுறை வந்தால் மலையேறிச் செடி தேடுவார். தென்னிந்திய மலைத் தாவரங்கள் சிலவற்றின் அறிவியல் பெயரில் இன்றும் ‘பார்ன்ஸி’ என்று அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே கல்லூரியில் பிறகு வந்த புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அப்படித்தான். வாசல் கோலத்தின் கணக்கு, சிந்துவெளி எழுத்து, பல்லவர் சிற்பம் என்று எதையும் விட்டுவைக்காத அவருக்குத் தாம்பரம் வட்டாரப் பறவைகள் மீதும் தீராத ஆசை. தொழில் வேறாகவும் பற்று வேறாகவும் இருந்த இப்படிப்பட்ட ஆட்கள்தான் இங்கே வழி போட்டவர்கள். 1978-இல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி தொடங்கியபோது அதில் திரண்டவர்களும் பெரும்பாலும் இதே வகை. அஞ்சல் துறையில் உயர் பதவி வகித்த சு. தியடோர் பாஸ்கரன் தமிழிலேயே சூழலியல் எழுதி, ஆங்கிலப் புத்தகத்தை நம்பியிருந்த ஒரு பழக்கத்துக்குத் தமிழ் வாசகர்களைச் சொந்தக்காரர்கள் ஆக்கினார். க. ரத்னம் ஊர் ஊராக வழங்கும் பறவைப் பெயர்களைத் திரட்டினார். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட பறவைகள் கையேடு இன்று ஏரிக்கரையில் பல தோள்பைகளில் இருக்கிறது.

கையேடு இருந்தும் முதல் நாள் எல்லாரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். கொக்கு.

ஏரியோரம் வெள்ளையாக நிற்பதெல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். கூட வந்தவர் சொல்லித் தந்தால் பத்து நிமிடத்தில் பிரிந்துவிடும். முதலில் அலகு. கறுப்பு அலகு, கறுப்புக் கால், அது சேற்றிலிருந்து காலைத் தூக்கும்போது பாதம் மட்டும் பளிச்சென்று மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. பாதம் சேற்றுக்குள் இருக்கும்வரை மஞ்சள் தெரியாது, காலைத் தூக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆளுயரத்தில் பாதிக்கு மேல் நெட்டையாக, கழுத்து நடுவே முறிந்ததுபோல வளைந்து நின்றால் பெரிய கொக்கு. இரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில் மஞ்சள் அலகோடு ஒன்று நிற்கும்போதுதான் சண்டை வரும், பெரிய கொக்கா, நடுத்தரக் கொக்கா என்று. அப்போது வாயோரத்திலிருந்து பின்னோக்கி ஓடும் மெல்லிய கோட்டைப் பார்க்க வேண்டும். அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. மேயும் மாட்டின் காலடியில், தண்ணீரைப் பற்றிய கவலையே இல்லாமல், குட்டைக் கழுத்தோடு பூச்சி பொறுக்குவது உண்ணிக்கொக்கு. மண் நிறத்தில் மண்ணாகவே உட்கார்ந்திருந்து, காலடிச் சத்தம் கேட்டதும் வெள்ளை இறக்கை விரித்து எழும்பினால் அது மடையான். ஐந்து பறவைகள். இந்த ஐந்தையும் தயங்காமல் சொல்லத் தெரிந்துவிட்டால் ஏரி திறந்துகொள்ளும்.

பைனாகுலரிலும் புதியவர்கள் இடறுவார்கள். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறதோ அத்தனை நல்லது என்று நினைத்து 20 மடங்கு, 30 மடங்கு என்று எழுதியதை வாங்கிவிடுவார்கள். கையில் பிடித்ததும் பார்வை நடுங்கும், பறவை சிக்காது. பழகியவர்கள் சொல்வது 8×42. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். விடிகாலை மங்கலிலும் போதுமான ஒளியை உள்ளே விடும், பார்வைப் பரப்பும் அகலம். பறவையைப் பார்த்ததும் பைனாகுலரைத் தேடிக் கீழே குனியக் கூடாது. கண்ணைப் பறவை மேலேயே வைத்துக்கொண்டு பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால் பாதிப் பறவைகள் தப்பிப் போகாது.

காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்ப்பார்கள், மாலையில் இடம் மாறிக்கொள்வார்கள். வெயில் முதுகில் விழுந்தால்தான் பறவையின் நிறம் தெரியும், இல்லையேல் எல்லாம் கறுப்பு நிழல்தான். ஏரிக்கு மேலே தாழப் பறந்து வரும் சேற்றுப் பூனைப்பருந்தை மட்டும் எப்போதும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஒரு சுற்று வந்தால் கோரைக்குள் மறைந்திருந்த வாத்துக் கூட்டம் மொத்தமும் எழும்பும், அந்த நிமிடத்தில் எண்ணிவிடலாம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் என்று வட நாட்டிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வலசை வந்தவை அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை இங்கே இருக்கும்.

வலசை வருவனவற்றில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும் ஒன்று உண்டு. பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் குட்டை வாலுமாக, மைனா அளவில் இருக்கும் ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வரும். அக்டோபரில் கரைசேரும்போது களைத்துப்போய்ச் சுவரில் மோதி, மாடிப்படியிலோ தோட்டத்திலோ விழுந்து கிடக்கும். ஒவ்வோர் ஆண்டும் புறநகரில் யாராவது ஒருவர் வீட்டில் இது நடக்கிறது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், பழைய துணி விரித்து வைத்து, மூடி, பூனையும் குழந்தைகளும் வராத இருட்டு மூலையில் விட்டுவிட வேண்டும். சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். சாயங்காலம் புதர் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்தால் அதுவே போய்விடும். இறக்கை தொங்கினாலோ ரத்தம் கண்டிருந்தாலோ வனத்துறைக்கோ பறவைகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவருக்கோ சொல்ல வேண்டும்.

இந்த நுணுக்கங்களில் பலவற்றை ஆர்வலர்கள் கண்டுபிடிக்கவில்லை. ராத்திரி வயல்வெளியில் ஆள்காட்டி கத்தினால் யாரோ நடந்து வருகிறார்கள் என்று காவலுக்குப் படுத்திருக்கும் விவசாயிக்குத் தெரியும். அது கூடு கட்டாமல் வெறுந்தரையில் கூழாங்கல் நடுவே முட்டை இடும் என்பதும், அந்த இடத்தைச் சுற்றி ஏர் ஓட்ட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் வரும் வேடந்தாங்கல் இதற்குப் பெரிய சாட்சி. அந்த ஏரிக்கு நாரையும் கூழைக்கடாவும் வந்து நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டினால், எச்சம் விழுந்த தண்ணீர் பாயும் வயலில் விளைச்சல் கூடும் என்பது ஊராருக்கு அனுபவப் பாடம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர் திரண்டு முறையிட்டது. 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்குக் கவுலாக, அதாவது உறுதிப் பத்திரமாக, எழுதிக் கொடுத்தார். நாட்டில் காட்டுயிர்ச் சட்டங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, உரத்தின் அருமை அறிந்த விவசாயிகள் வாங்கிய பாதுகாப்பு அது. இன்றும் அங்கே பட்டாசு வெடிக்காத தீபாவளிதான்.

விடுமுறையில் குறித்த பட்டியல்களால் என்ன பயன் என்று கேட்டால், அதற்கும் இப்போது பதில் இருக்கிறது. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023-இல் வெளியான அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு ஆதாரம் 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் பதிந்த 3 கோடிக்கும் அதிகமான குறிப்புகள். காக்கையையும் விடாமல் எழுது என்ற விதியின் அருமை இங்கேதான் புரியும். சாதாரணப் பறவை குறைவதை அரிய பறவைப் பட்டியல் காட்டிக் கொடுக்காது. மின்கம்பியில் உட்கார்ந்து, இறக்கை விரித்தால் நீலமாக மின்னும் பனங்காடையை இங்கே பார்க்காதவர் இல்லை. 30 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்ட, பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் மறுபடி மதிப்பிட வேண்டிய இனங்களில் அதுவும் ஒன்று என்று அந்த அறிக்கை சொன்னது. தினம் பார்க்கும் ஒன்று கைநழுவிக்கொண்டிருப்பதை எண்ணிப் பார்த்தவர்களால்தான் சொல்ல முடிந்தது.

பள்ளிக்கரணைக்கும் இதே கதைதான். குப்பை கொட்டும் இடம், வெற்று நிலம் என்று கோப்புகளில் கிடந்த சதுப்பில் என்னென்ன பறவை வருகிறது, எப்போது வருகிறது என்று பட்டியல் போட்டுக் காட்டியவர்களின் உழைப்பு சேர்ந்துதான் 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,247 ஹெக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, ராம்சர் தலமாயிற்று. வேலி போட்டதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. சுற்றிலும் கட்டடம் எழும்பிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் ‘அங்கே ஒன்றும் இல்லை’ என்று இனி யாரும் சொல்லிவிட முடியாது.

ஏரிகளைச் சீரமைக்கும் வேலைகளில் இவர்களுடைய கண்ணுக்கு இன்னும் கூடுதல் மதிப்பு கொடுக்க வேண்டும். சிட்லபாக்கம் ஏரிக்காகக் குடியிருப்போர் பல ஆண்டுகள் மன்றாடினார்கள், தாங்களே இறங்கிக் குப்பை அள்ளினார்கள். செம்பாக்கம் ஏரியில் சூழல் அமைப்புகளும் சென்னை ஐ.ஐ.டி.யும் கைகோத்து வேலை செய்தன. கழிவுநீரைத் தடுப்பதும் ஆகாயத்தாமரையை அகற்றுவதும் வரவேற்க வேண்டியவை. சிக்கல் வருவது தூர்வாரும்போது. ஏரியைக் கிண்ணம் போலச் சுற்றிலும் ஒரே ஆழமாகத் தோண்டி, கரையைச் செங்குத்தாக உயர்த்தி, மேலே நடைபாதை போட்டு விளக்கு நட்டுவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், தண்ணீரும் நிற்கும், பறவை மட்டும் நிற்காது. பவளக்கால் உள்ளானுக்கு அதன் கால் உயரத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் இரை எடுக்க முடியாது. பொறி உள்ளானுக்கு ஈரச் சேறு போதும், ஆழம் வேண்டாம். இலைக்கோழிக்கு மிதக்கும் இலை வேண்டும், தாழைக்கோழிக்குக் கோரை வேண்டும். ஒரு பக்கக் கரையையாவது சரிவாக, கணுக்கால் ஆழத்தில் விட்டுவைத்தால் இத்தனைக்கும் இடம் கிடைக்கும். பொறியாளரின் வரைபடத்தில் இது ஒரு சின்னத் திருத்தம். அந்த ஏரியைப் பத்து வருடமாக எண்ணிவரும் ஒருவரை அழைத்துக் கேட்டால் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுவார்.

ஏரிக்கரை நடைக்குப் போகிறவர்கள் அனைவரும் கற்றுக்கொள்ள வேண்டிய இன்னொரு பாடம் பாம்பு. அதிலும் தாம்பரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கிண்டிப் பாம்புப் பண்ணையைத் தெரியாதவர்கள் குறைவு. 1972-இல் கிண்டிக்கு வருவதற்கு முன் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் அதை நடத்தியது செலையூரில், அப்போது அது கிராமம். அவருக்குப் பாம்பு பார்க்கச் சொல்லித் தந்த ஆசான்கள் இந்த வட்டாரத்து இருளர்கள். பாம்புத் தோல் வியாபாரம் சட்டத்தால் நின்றுபோய், இருளர் குடும்பங்கள் பிழைப்பில்லாமல் நின்ற நேரத்தில், 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. வடநெம்மேலியில் இன்றும் அது இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுத் திரும்பவும் விட்டுவிடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பயன்படும் நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது.

அவர்கள் கண்ணுக்கு எலி வளை வெறும் எலி வளை இல்லை. வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தால் உள்ளே அண்மையில் எதுவும் போகவில்லை. வாய் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் ஏதோ ஊர்ந்து போய்வருகிறது. புழுதியில் ஒரு நெளிவு, முள்ளில் ஒட்டிய சட்டைத் துண்டு, காய்ந்த எச்சம் என்று இவற்றைக் கோத்து, பாம்பு எது, எவ்வளவு நீளம், உள்ளே இருக்கிறதா என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கடப்பாரையை எடுப்பார்கள். 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க இங்கிருந்து மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துப் போனார்கள். பார்த்தறியாத நாடு, பார்த்தறியாத பாம்பு. இரண்டு வாரத்துக்குள் 13 பிடித்தார்கள், அதில் ஒன்று 16 அடி. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பள்ளிக்கூட வாசல் பார்க்காத அறிவுக்குக் கிடைத்த அந்த மரியாதையைச் செங்கல்பட்டு மாவட்டம் இன்னும் பெரிதாகக் கொண்டாடியிருக்கலாம்.

இந்தத் திறமையைப் பார்த்துத் தானும் பாம்பு பிடிக்கிறேன் என்று இறங்கும் இளைஞர்கள் புறநகரில் பெருகியிருக்கிறார்கள். பிடித்த பாம்போடு படம் எடுத்துக்கொள்வது வீரமாகிவிட்டது. பயிற்சியும் வனத்துறை அனுமதியும் இல்லாமல் பாம்பைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. நடைப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. கரையில் புல் மறைத்த இடத்தில் கம்பால் தட்டி நடப்பது, இருட்டில் டார்ச் இல்லாமல் கால் வைக்காதது, கல்லைப் புரட்டினால் தன் பக்கமாகப் புரட்டுவது. அப்படிச் செய்தால் காலுக்கும் அடியில் இருப்பதற்கும் நடுவே கல்லே தடுப்பாக நிற்கும். கடித்துவிட்டால் கயிறு இறுக்குவதும் கத்தியால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடாது. மோதிரம், வளையல், செருப்பைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்டை வைத்துக் கட்டி, 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். பாம்பைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். கட்டுவிரியன் தரையில் தூங்குகிறவரைக் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்று வலி, கண் இமை தொங்குதல் என்று வந்தால் அதையும் பாம்புக்கடியாகச் சந்தேகிக்கத் தெரிந்திருக்க வேண்டும். புறநகரின் கடைசி மனைப்பிரிவுகளில் வீடு கட்டிக் குடியேறும் குடும்பங்களுக்கு இந்த ஒரு பத்தி அவசியம்.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி சாலை வழியே கிழக்கே போய்க் கடலை எட்டினால், ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் போல ஒரு கூட்டம் மணலில் நடந்துகொண்டிருக்கும். மாணவர்கள் 1988-இல் தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பின் நடை அது. அதற்கும் முன்னால், 1970களின் தொடக்கத்திலேயே விட்டேக்கரும் அவர் நண்பர்களும் இந்தக் கரையில் ஆமைக்காக நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் சதீஷ் பாஸ்கர் இந்தியக் கரையெங்கும் ஆமை தேடி நடந்தே பெயர் பெற்றவர்.

தேடுவது பங்குனி ஆமையின் முட்டைகளை. ஆமை கரையேறிப் போன தடம் ஈர மணலில் டிராக்டர் சக்கரம் உருண்டது போலக் கிடக்கும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி மணல் கலைந்திருக்கும், ஆனால் குழி வாய் எது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆமை அதை மூடி, உடம்பால் அடித்து அமுக்கிவிட்டுத்தான் போகும். பழகியவர்கள் காலாலும் கையாலும் தடவி, மணல் சற்று இளகி உள்வாங்கும் இடத்தை உணர்வார்கள். அங்கே நகம் படாமல் விரலால் தோண்டினால் ஒன்றரை அடி ஆழத்தில், கழுத்து குறுகி அடி அகன்ற குடுவை வடிவக் குழியில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள். இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். நேரம் கடந்தால் உள்ளே கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் செத்துவிடும். குழியின் ஆழத்தையும் அகலத்தையும் கையால் அளந்து, அதே அளவில் பொரிப்பகத்தில் குழி வெட்டி வைப்பார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது, சூடு கூடினால் பெண். அதனால் பொரிப்பகத்துக்கு நிழல் எவ்வளவு போடுவது என்பதும் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. மூச்சு விட நீர்மட்டத்துக்கு வர முடியாமல் இழுவை வலைகளில் சிக்கி இறந்தவை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. அதைத் தடுப்பது அரசின் கையிலும் மீன்வளத் துறையின் கையிலும் இருக்கிறது. கரையில் குடியிருப்பவர்கள் கையில் இருப்பது விளக்கு. குழியை விட்டு வெளியே வரும் குஞ்சு, கடலுக்கு மேலிருக்கும் மங்கிய வெளிச்சத்தை நோக்கி ஊரும். பின்னால் கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளின் வெள்ளை விளக்கு அதைவிடப் பளிச்சென்று எரிந்தால் திரும்பிச் சாலைக்குப் போய்விடும். பிப்ரவரியிலிருந்து மே வரை கடல் பார்த்த விளக்குகளை இரவு அணைத்து வைத்தாலோ, தரை பார்க்கக் கவிழ்த்து மூடி போட்டாலோ போதும். நடைக்கு வருகிறவர்களுக்கும் இதே விதிதான். டார்ச் கூடாது, செல்பேசி வெளிச்சம் கூடாது, கரையேறும் ஆமையைக் கண்டால் முன்னால் போகாமல் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். அது முட்டையிட்டு மணலை மூடி முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.